பெயர் சொல்லி அழைத்தால் வரும் வலி

ஜூன் 9, திங்கள்

மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து உடம்பிலும் மனதிலும் என்ன மாறுகிறது என்று தினமும் இரண்டு வரி எழுதிவைக்கச் சொன்னார் டாக்டர் மணிவாசகம். ஹோமியோபதியில் அப்படித்தானாம். வங்கியில் கொடுத்த டைரி ஒன்று இங்கே அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். அவரிடம் காட்டுவதற்குத் தனியாக ஒரு தாளில் "தூக்கம் பரவாயில்லை, பசி உண்டு" என்று எழுதிக்கொண்டு போனால் போதும். இது எனக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். ஒற்றைத் தலைவலிக்கு இத்தனை கேள்வியா என்று இருந்தது. வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா. உப்பு அதிகம் கேட்குமா. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள். கனவில் என்ன வரும். யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை வருமா, எரிச்சல் வருமா.

அந்தக் கடைசிக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எரிச்சல் என்றேன். அவர் முகம் மாறாமல் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். முகம் மாறாமல் இருந்ததால்தான் மற்றதையும் சொல்லியிருப்பேன்.

"தலைவலி எப்பம்மா ஆரம்பிக்குது? வெயில்ல போனாலா? பசியோட இருந்தாலா?"

"என் பேரை யாராவது கூப்பிட்டா."

அதையும் தட்டிக்கொண்டார். "யாரு கூப்பிட்டாலுமா?"

வீட்டில் கூப்பிட்டால் என்றேன். செண்பகா, என் கண்ணாடியைப் பார்த்தியா. செண்பகம், சீரியல் போட்டாச்சு, வா. செண்பகா, பால்காரர். செண்பகம், அங்க தனியா என்ன பண்ணுத. அலுவலகத்தில் நான் மேடம், அங்கே வலிப்பதில்லை. கோவில்பட்டியில் அம்மன் பெயரே அதுதான் என்பதால் தெருவுக்கு ஒரு செண்பகவல்லி இருக்கிறாள். கடைத்தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டாலும் எனக்கு இடது பொட்டில் சுருக்கென்கிறது.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். வால்பாறைக் கிளைக்கு மாறுதல் கேட்டு நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் போக விரும்பாத மலைக் கிளை, கேட்டால் கிடைக்கும். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. மேலிடத்தில் போடுகிறார்கள், தட்ட முடியாது, இரண்டு வருடம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை வேறு எவரிடமும் சொன்னதில்லை. வெளியே வந்தபோது பாரம் இறங்கினாற்போல் இருந்தது. சீனி உருண்டை மருந்துக்கு முன்னாலேயே பாதி குணம்.

ஜூன் 11, புதன்

காப்பி கூடாதாம். மதியம் தலைவலி வந்தது. காப்பி குடிக்காததால்தான் என்று தோன்றுகிறது.

ஜூன் 13, வெள்ளி

எனக்காக மதினியும் காப்பியை விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. "நீ பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் எப்படிம்மா குடிக்க?" என்றார். பிறகு நாள் முழுக்கத் தலை கனக்குது, நாக்கு செத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மதினி இவருடைய, அதாவது என் கணவருடைய, அக்கா. கோமதி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். மகள் வேலை கிடைத்துப் புனே போனதும் அவள் அறை மதினிக்கு ஆயிற்று. எங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் மழைக்காலத்தில் துருப்பிடித்து விழுந்ததோடு சரி. மாட்டச் சொல்லி இவரிடம் இரண்டு தடவை சொன்னேன். "நம்ம மூணு பேருதானே இருக்கோம், யாரைப் பூட்டி வைக்க?" என்றார். இவர் தாமோதரன், எம்.ஏ., எம்.ஃபில்., கல்லூரியில் பொருளாதாரத் துறை. கோபமே வராதவர். என் தோழிகள் எல்லோரும் நான் கொடுத்துவைத்தவள் என்பார்கள். நானும் இல்லையென்று சொன்னதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வால்பாறைக் கிளையில் இப்போது இருப்பவர் ஒரு வீட்டுக்கார அம்மாளின் எண்ணைக் கொடுத்தார். பெயர் தங்கமணி. ஒரு அறை, சமையல் மேடை, பின்னால் தேயிலைச் சரிவு. அறைக் கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, சிறுத்தை சுத்தற ஊருங்க இது. பூட்டாம இருக்க முடியுங்களா? அது என்ன கதவைத் தட்டிட்டா வரும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கே எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஜூலை 14ஆம் தேதி வால்பாறையில் சேர வேண்டும். கிளை மேலாளர் சந்தானகிருஷ்ணன் சார் உச்சுக்கொட்டினார். "அந்த மலைக்கு யாராவது கேட்டு வாங்குவாங்களா மேடம்? ஏன் இப்படிப் பண்ணீங்க?" உங்களோடு இருக்கட்டும் சார் என்றேன். சரி என்று தலையாட்டினார். நல்ல மனிதர்.

வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். நன்றாகத்தான் நடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

சனிக்கிழமை இவர் தன் குதிகால் வலிக்கு மருந்து வாங்க மணிவாசகம் டாக்டரிடம் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, யூரிக் ஆசிட்டா இருக்கும்ங்காரு" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் எனக்குப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தார். அவர் அடுப்புப் பற்றவைத்துக் கண்டதில்லை. பால் அடிப்பிடித்திருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தும் வைத்தார். பிரிவு வரப்போகிறதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது. பாவமாக இருந்தது. கொஞ்சம் குற்றவுணர்ச்சியும்.

ஜூன் 25, புதன்

சனிக்கிழமைக்குப் பிறகு தலைவலி ஒரு தடவைகூட வரவில்லை! சீனி உருண்டை என்று கேலி பேசியவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்த வேண்டும். கவுண்டரில் இருக்கும் பால்துரையிடம் டாக்டரின் பெயரைச் சொல்லி சிபாரிசு செய்தேன். அவன் மனைவிக்குப் பிரசவமானதிலிருந்து முதுகுவலி.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றைக் கவனித்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினால் இவர். கையில் மின்சாரக் கட்டண ரசீது. எத்தனை நேரமாக நிற்கிறாரோ.

"என்னங்க, கூப்பிடக் கூடாதா?"

"இல்ல, நீயா திரும்பட்டும்னு."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதினி டம்ளரைக் கரண்டியால் டிங் டிங் என்று தட்டினார். கோயில் பூசாரி மாதிரி. "என்ன மதினி?" என்றேன். "ரசம்" என்றார். காலையில் நான் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டேன். வாசல்வரை ஓடிவந்து கைதட்டினார். எதிர்வீட்டுப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். நான்தான் கடைசியில் திரும்பினேன்.

சனிக்கிழமையிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எதற்கும். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட இல்லை.

தற்செயலாக இருக்கும்.

ஜூன் 30, திங்கள்

தற்செயல் இல்லை.

நேற்று மத்தியானம் மதினி தூங்கியதும் கேட்டேன். "ஏன் என் பேரைக் கூப்பிட மாட்டேங்கீங்க?"

இவர் செய்தித்தாளை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார். "உனக்கு அது தொந்தரவுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யாரு சொன்னா?"

"டாக்டர்தான். நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. அக்காட்டயும் பக்குவமா சொல்லியிருக்கேன், அவளும் புரிஞ்சுக்கிட்டா."

மதினிக்கும் தெரியும். டம்ளரை ஏன் தட்டுகிறோம் என்று தெரிந்துதான் தட்டியிருக்கிறார்.

"வேற என்ன சொன்னாரு?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வகுப்பில் மாணவர்களிடம் பேசுகிற குரலே இல்லாமல், "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார்.

ஒரு தப்பும் பண்ணவில்லை. அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்புப் பண்ணியிருந்தால் எவ்வளவு சுலபம். அம்மா வீட்டில் சொல்லலாம், மகளிடம் சொல்லலாம், ஊரே எனக்காகப் பேசும். இவர் கண் கலங்கியிருந்தது. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"நீ மனசைப் போட்டு அலட்டிக்காத. வால்பாறை விஷயத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

அதிகாரிகள் சங்கச் செயலாளர் ஜோதிநாதன் மதுரையிலிருந்து போனில் பேசினார். இவரோடு கல்லூரியில் படித்தவர். "சிஸ்டர், ஒண்ணும் கவலைப்படாதீங்க. தாமு எல்லாம் சொன்னான். டாக்டர் லெட்டரும் பாத்தேன். மண்டல ஆபீஸ்ல குடுத்தாச்சு. ரத்தாயிரும்."

"என்ன லெட்டர்?"

"அதான் சிஸ்டர், உங்க ட்ரீட்மென்ட் லெட்டர். வெளிய சொல்ல மாட்டோம். எங்க கமிட்டியில நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும்."

ஜூலை 3, வியாழன்

மேலாளர் அறைக்குப் போனேன். எழுந்து நின்றுவிட்டார். நான் வந்தால் எழுந்து நிற்கிறவர் அல்ல.

"உக்காருங்க மேடம். மெதுவா. ஃபேனைக் கூட்டி வைக்கவா?"

"சார், நான் வால்பாறை போறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நானே கேட்டு வாங்கினதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த லெட்டர் எனக்குத் தெரியாமக் குடுத்தது."

அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு, நான் தவறாக நினைக்கக் கூடாதே என்ற தயக்கத்தோடு திரையை என் பக்கம் திருப்பினார். மண்டல அலுவலகத்திலிருந்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளினிக்கின் பெயர் போட்ட தாள். கீழே டாக்டரின் கையெழுத்து.

நான் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் தலைவலி. ஆறுதல் சொன்னால் எரிச்சல். தனித்திருக்கும் நாட்டம். குடும்பத்தாருக்குத் தெரியாமல் மாறுதல் கோரியுள்ளார். தனி வாசம் இவருடைய மனநிலைக்கு உகந்ததல்ல. கடைசியில் ஒரு வரி: தாம் நலமாக இருப்பதாகவும் தாமே செல்ல விரும்புவதாகவும் நோயாளி வற்புறுத்தக்கூடும், அதையும் நோயின் ஒரு குறியாகவே கொள்ள வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். என் குரலை உயர்த்தலாமா, அழலாமா, சிரிக்கலாமா என்று பார்த்தேன். எதைச் செய்தாலும் அந்த வரிக்குள்தான் போய் விழும்.

"நான் நல்லா இருக்கேன் சார்" என்றேன்.

"நல்லா இருப்பீங்க மேடம், கட்டாயம் நல்லாயிருவீங்க" என்றார். கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு, "மேடத்துக்கு ஒரு பால் வாங்கிட்டு வாப்பா. காப்பி வேண்டாம்" என்றார்.

ஜூலை 5, சனி

நேற்று சாயங்காலம் வங்கியிலிருந்து நேராகக் கிளினிக்குக்குப் போனேன். என்ன பேசுவது என்று ஆட்டோவில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அங்கே போனதும் பெஞ்சில் முறை வரும்வரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

"வாங்கம்மா. முகம் தெளிஞ்சிருக்கே!" என்றார் டாக்டர்.

"நான் உங்ககிட்ட சொன்னதை ஏன் டாக்டர் சொன்னீங்க?"

"யார்ட்டம்மா சொன்னேன்?" நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்ட்ட."

"உங்க வீட்டுக்காரர்ட்டதானே?"

அந்தக் கேள்வியை ஏதோ பதில் போலச் சொல்லிவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே 'தாமோதரன் குடும்பம்' என்று இருந்தது. அதன் கீழே நான்கு பெயர்கள். இவர், நான், மதினி, சின்ன வயதில் ஈளை இழுப்புக்கு மருந்து சாப்பிட்ட என் மகள். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் பக்கத்திலேயே விரிகின்றன.

"நம்ம வைத்தியத்துல ஆளைத் தனியாப் பாக்கக் கூடாதும்மா. அவருக்குக் குதிகால் வலி, உங்களுக்குத் தலைவலி, உங்க மதினிக்கு வாயு. மூணும் ஒரே வீட்டுல இருந்துதான் வருது. நான் குடும்பத்துக்குத்தான் மருந்து குடுக்கேன். வெளியாள் ஒருத்தருக்கு இதுல இருந்து ஒரு எழுத்து போகாது."

"வங்கிக்குப் போயிருக்கே டாக்டர்."

"அது உங்க வீட்டுக்காரர் கேட்டு வாங்கிட்டுப் போனது. உங்க நன்மைக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களேம்மா."

மனப்பாடம் செய்தது எதுவும் அதற்குப் பதிலாக இல்லை. அவர் முன்னால் குனிந்து, மிகவும் அன்பாகப் பேசினார். "ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கோங்க. அந்த மலைக்குப் போகணும்னு தவிக்கிறது நீங்க இல்ல. நோய்தான் உங்க வாய் வழியாப் பேசுது. மருந்து பிடிச்சுட்டா அந்த ஆசை தானா விட்டுரும் பாருங்க."

மருந்தின் வீரியத்தைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வரும்போது நன்றி என்றுகூடச் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

நேற்று மதினி கதவு நிலையை விரலால் தட்டிவிட்டு, நான் திரும்பும்வரை நின்று, உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி எங்கிட்டயும் சொல்லிட்டான்."

"தெரியும் மதினி."

"நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. இந்த ஊர்ல யாருக்கு யாரோட சண்டை, யாருக்கு எங்க கடன், எந்தப் பொண்ணு எந்தப் பையன்ட்டப் பேசுதா, எல்லாம் இந்தக் காது வழியாத்தான் போச்சு. உங்கிட்ட ஒண்ணாவது சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். ஊரில் யார் வீட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம் என்பது முதற்கொண்டு பேசுகிற மதினி, எக்ஸ்சேஞ்சில் கேட்டது என்று எதையும் சொன்னதே இல்லை.

"இல்ல மதினி."

"எனக்கு வாய் நீளம்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அது வேற. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்டது வேற. அதைச் சொன்னா அந்தச் சோறு செரிக்குமா?" கட்டில் விரிப்பை நீவிவிட்டார். "அந்த டாக்டரு சொல்லியிருக்கக் கூடாது. தம்பிட்டயும் சொல்லிட்டேன். 'எனக்குத் தெரிஞ்சது நல்லதுதானேக்கா'ங்கான். அவன்ட்ட என்ன பேச?"

இந்த வீட்டில் ஒருவருக்காவது புரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். அவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார்.

"நான் இங்க வந்ததுனாலயா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல மதினி."

பொய் சொன்னேன் என்று இங்கே எழுத முடியவில்லை. உண்மை சொன்னேன் என்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மாறுதல் ரத்து. மருத்துவக் காரணங்களின் பேரில். எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

வால்பாறைக்கு யாராவது போய்த்தானே ஆக வேண்டும். பால்துரையைப் போட்டுவிட்டார்கள். குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

சாப்பாட்டு அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். டப்பாவைத் திறக்கவில்லை.

"மேடம், அந்த ஹோமியோ டாக்டர் அட்ரஸ் குடுத்தீங்கள்ல. நல்ல டாக்டர்தான் போல. எனக்கும் ஒரு வியாதி எழுதித் தருவாரா?"

"பால்துரை, நான் போறேன்னுதான் சொன்னேன். சார்ட்டக் கேட்டுப் பாருங்க."

"சொல்லுவீங்க மேடம். நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு லெட்டர்லயே போட்டிருக்காமே."

பக்கத்து மேசையில் ஒருவர் "ஏய், சும்மா இரு, மேடம் டென்ஷன் ஆகக் கூடாது" என்றார். எல்லோரும் தங்கள் டப்பாக்களுக்குள் குனிந்துகொண்டார்கள்.

எழுந்து கைகழுவப் போனேன். சாப்பிடவே இல்லை, எதற்குக் கை கழுவினேனோ.

ஜூலை 10, வியாழன்

தங்கமணி அம்மாளுக்குப் போன் செய்து அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். "அட, கதவுக்குப் புதுசாப் பூட்டெல்லாம் போட்டு வச்சேனுங்களே" என்றார். குழந்தையோடு ஒருவர் வருவார், பால்துரை என்று பெயர், அவருக்குக் கொடுங்கள் என்றேன்.

"ஏனுங்க, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

யாரும் சொல்லாமலேயே அவருக்கும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. இல்லைங்க, நல்லாயிருக்கேன் என்றேன். "அப்படீன்னா சரிங்க" என்றார். இந்த மாதத்தில் நான் சொன்னதை அப்படியே நம்பியவர் அவர் ஒருவர்தான். மறுபடியும் ஒருமுறை சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் வைத்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

இன்று வால்பாறையில் சேர்ந்திருக்க வேண்டிய நாள். காலையில் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல இந்தக் கிளைக்கே வந்தேன்.

நேற்று முன்தினம் இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை. ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நடந்தது நடந்துவிட்டது. நான் பேசியது அங்கே இருக்கக் கூடாது. அதை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். டாக்டர் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். வரவேற்பு மேசையில் ரூபாவதி இருந்தாள். எப்போதும் சிரித்த முகம்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கிறதை எல்லாம் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிரும்மா."

"பிரிண்ட் தாரேன் மேடம், அதுக்கென்ன. ஓடிபி ஒண்ணு வரும், சொல்லுங்க."

என் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

"உங்களுக்கு வராது மேடம். குடும்பத்துக்கு ஒரு நம்பர்தான். சாரோடது. அங்க போயிருக்கும்."

"என்னோட விவரத்துக்கு எதுக்கு அவரு நம்பர்?"

"உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம். இல்லன்னா யாராவது வந்து உங்க விவரத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருவாங்கள்ல?" அவள் கேலி செய்யவில்லை. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் போன் மணியடித்தது. இவர்.

"நான்தான். கிளினிக்குல இருக்கியா? ஏதோ ஓடிபி வந்திருக்கு. உடம்புக்கு என்ன? நான் வரவா?"

"ஒண்ணுமில்லங்க. சும்மா ஒரு பிரிண்ட் எடுக்க."

"சரி சரி. எழுதிக்கோ." ஒவ்வொரு எண்ணாக, கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் போல நிதானமாகச் சொன்னார். நான் திருப்பிச் சொல்ல, ரூபாவதி தட்டினாள். "கிடைச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

திரையில் என் பக்கம் திறந்தது. ஜூன் மாதம் நான் சொன்னது ஒவ்வொன்றும். அதற்குக் கீழே எனக்குத் தெரியாத வரிகளும் இருந்தன. கணவரிடம் பேசப்பட்டது. கணவரின் ஒத்துழைப்பு நன்று. மாறுதல் ரத்து. அறிவுரையை ஏற்றுக்கொண்டார்.

"பிரிண்ட் வேண்டாம். அழிச்சா மட்டும் போதும்" என்றேன்.

ரூபாவதி திரையின் மேலும் கீழும் தேடினாள். எனக்காக உண்மையாகவே தேடினாள். "அழிக்கிறதுக்கு இதுல இடமே குடுக்கல மேடம். சேக்கத்தான் வரும். நீங்க வேணா ஏதாவது சொல்லுங்க, அடியில சேத்துருதேன். நோயாளி சொன்னதுன்னு ஒரு இடம் இருக்கு, அதுல நீங்க சொல்றதை அப்படியே போட்டுரலாம்."

நோயாளி சொன்னது. கட்டத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவள் விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு நோய் இல்லை. நான் போக விரும்பினேன். கேட்டது நான்தான், என் வாய்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன்.

"சேத்ததும் இதுவும் சாருக்கு மெசேஜா போகுமா?"

"ஆமா மேடம், உடனே போயிரும்" என்றாள், அது ஒரு வசதி என்பதுபோல.

இவர் அப்போது வராந்தா நாற்காலியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரிண்ட் கிடைத்ததா என்று கேட்பதற்காகக் காத்திருப்பார். நான் என்ன சொன்னாலும் அதை அவர் படிப்பார், டாக்டர் படிப்பார். அடுத்த கடிதம் ஒன்று தேவைப்பட்டால் அதில் அது முதல் வரியாக இருக்கும். பின்னால் பெஞ்சில் ஒரு அம்மாள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முறைக்கு நேரமாகிறது.

"தூக்கம் நல்லா இருக்கு" என்றேன். ரூபாவதி தட்டினாள்.

"தலைவலி இல்ல."

தட்டினாள்.

"வீட்டுல எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுதாங்க. வெளியூர் போகணும்னு இப்ப தோணல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்! டாக்டர் பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவாரு. 'நல்ல முன்னேற்றம்'னு போட்டுரவா?"

"போடும்மா" என்றேன்.